பனியையே பார்த்திராதவன் எல்லோஸ்டோனில் ஸ்கீயிங் போகலாமா?

பென்னாகரத்துக்காரன்:
வணக்கம். மகள் அமெரிக்காவில் போஸ்மன் ஊரில் இருக்கிறாள். ஜனவரியில் பத்து நாள் அங்கே இருப்போம். பக்கத்தில் இருக்கும் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஒரு நாள் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் போகலாம், விலங்குகளும் பார்க்கலாம் என்கிறாள். எனக்கு 54 வயது. ஒகேனக்கல் பக்கம் நாள் முழுக்க நடப்பேன், மூட்டு வலி இல்லை. ஆனால் பனி என்றால் மார்கழியில் தொப்பூர் கணவாயில் இறங்குவது மட்டும்தான் தெரியும். போகலாமா? கரடி பயம் உண்டா?

தேன்கனிக்கோட்டைவாசி:
தாராளமாகப் போங்கள் அண்ணா. இரண்டு வருஷம் முன்பு பிப்ரவரியில் நானும் முதல் தடவையாகத்தான் போனேன். மலையிலிருந்து சறுக்கி இறங்கும் ஸ்கீயிங் வேறு. இதில் ஷூவின் முனை மட்டும் நீளமான ஸ்கீ பலகையில் மாட்டியிருக்கும், குதிகாலைத் தூக்கலாம். நடை மாதிரிதான், ஒவ்வொரு எட்டிலும் கொஞ்சம் வழுக்கிப் போகணும். உடம்பின் கனத்தை முழுசாக ஒரு காலுக்கு மாற்றினால்தான் வழுக்கும். எனக்கு அது பிடிபட ஒரு மணி நேரம் ஆனது. விழுந்தால் பக்கவாட்டில் விழுங்கள். பலகைகளைச் சேர்த்து வைத்து, முட்டி போட்டு எழுந்திருங்கள்.

பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். வியர்வையில் நனைந்து, நின்றவுடன் உடம்பு விறைத்துவிடும். கம்பளி போடுங்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு.

குளிர்காலத்தில் பூங்காவுக்குள் கார் போவது கார்டினர் ஊரிலிருந்து குக் சிட்டி ஊர் வரையான சாலையில் மட்டும்தான். போஸ்மனிலிருந்து கார்டினர் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். முதல் நாளுக்கு, பூங்காவுக்குள் இருக்கும் மேமத் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிவரும் இரண்டரை கிலோமீட்டர் பாதை போதும். கரடிகள் அப்போது குகைக்குள் உறங்கும்.

கவனிக்க வேண்டியது பைசன் என்கிற அமெரிக்கக் காட்டெருமையை. பிளாக்டெயில் என்ற இன்னொரு ஸ்கீ பாதையில் ஒன்று நடுவழியில் நின்றது. தலையை இப்படியும் அப்படியும் வீசிப் பனியை ஒதுக்கி, அடியில் இருந்த காய்ந்த புல்லை மேய்ந்தது. மூக்கு மயிரெல்லாம் வெள்ளை. 25 கஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது விதி. ஓநாய்க்கும் கரடிக்கும் 100 கஜம். எனக்கு உடனே அஞ்செட்டி சாலைதான் ஞாபகம் வந்தது. யானை நின்றால் நாம் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருப்போமே, அதே மாதிரி நின்றேன். கோடையில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் அது வசந்தம் வரை தாக்குப்பிடிக்கும். நாம் விரட்டினால் ஆழமான பனியில் ஓடி அந்தக் கொழுப்பைத்தான் செலவழிக்கும். அரைமணி நேரம் கழித்தும் நகரவில்லை, திரும்பிவிட்டேன். வாலைத் தூக்கினால் கோபம் என்று அர்த்தம், உடனே பின்வாங்குங்கள்.

ஓசூர் அக்கா:
ஓநாய் பார்க்க ஆசையென்றால் விடியும் முன்பே லாமார் பள்ளத்தாக்கில் இருங்கள். 1995-இல் கனடாவிலிருந்து 14 ஓநாய்களைக் கொண்டுவந்து அங்கே மறுபடி குடியேற்றினார்கள். சாலையோரம் தொலைநோக்கியோடு நிற்பவர்களிடம் கேளுங்கள், நாங்கள் போனபோது ஆசையாகக் கூப்பிட்டுக் காட்டினார்கள். வெள்ளைச் சரிவில் கறுப்பாக ஐந்து புள்ளிகள் வரிசையாக நகர்ந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பென்னாகரத்துக்காரன்:
ரொம்ப நன்றி தம்பி, நன்றிம்மா. பலகை வாடகைக்குக் கிடைக்குமா?

தேன்கனிக்கோட்டைவாசி:
போஸ்மனிலேயே கிடைக்கும் அண்ணா. எடையைக் கேட்பார்கள், குறைத்துச் சொல்லாதீர்கள். அதை வைத்துத்தான் பலகையின் நீளத்தைத் தேர்ந்து கொடுப்பார்கள்.