பின்னணியில் கம்பைல் ஓடும்போது பழைய பிடிஎஃப் அழிந்துபோகிறது

வணக்கம். 212 பக்கத் தமிழ் ஆய்வேட்டை ஈமேக்ஸ் எடிட்டரில் லேட்டெக்கில் (கட்டளைகளோடு எழுதி, கம்பைல் செய்து பிடிஎஃப் ஆக்கும் முறை) எழுதுகிறேன். உபுண்டு 24.04, டெக் லைவ் 2023 (லேட்டெக் மென்பொருள் தொகுப்பு), கம்பைல் செய்ய லுவாலேட்டெக். தட்டச்சு தடைபடாமலிருக்க லேட்டெக்எம்கே என்ற நிரலை, சேமிக்கும்போதெல்லாம் தானாகக் கம்பைல் செய்யும் பிவிசி ஆப்ஷனோடு பின்னணியில் ஓடவிட்டிருக்கிறேன்.

பிரிவுத் தலைப்பில் மூடும் அடைப்பை விட்டுவிட்டுச் சேமித்தால் போதும், கம்பைல் ஒரு கேள்விக்குறியைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். பிழை வந்தாலும் கேள்வி கேட்காமல் ஓடும் நான்ஸ்டாப்மோடு போட்டேன்; நிற்கவில்லை, ஆனால் தலைப்பு உடைந்த பிடிஎஃப் வந்தது. அப்புறம் முதல் பிழையிலேயே கம்பைலை முடித்துவிடும் ஹால்ட்-ஆன்-எரர் போட்டேன். நன்றாக இருந்த பழைய பிடிஎஃப்பே காணாமல் போனது. பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே திருத்துகிறவனுக்கு அதுதான் பெரிய தொல்லை. பத்து நாளாக இதே பாடு, அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டும்.

பிழையில்லாமல் முடிந்தால் மட்டும் பிடிஎஃப் மாற, லேட்டெக்எம்கேவின் அமைப்புக் கோப்பான லேட்டெக்எம்கேஆர்சியில் என்ன எழுத வேண்டும்?