தீபாவளி விருந்தில் எதையும் தொடாத பிள்ளை: என்ன செய்யலாம்?

சிங்கப்பூரின் ஈசூன் மருமகள் கேட்டது:

என் மகனுக்கு ஐந்து வயதாகிறது. மொறுமொறுப்பான வெறும் தோசை, தயிர்சாதம், சர்க்கரை தொட்ட இட்லி, கோழிச்சோற்றுக் கடையின் தோல் நீக்கிய வெள்ளைக் கோழி, வாழைப்பழம், மைலோ என்று அவனுடைய உலகம் மிகச் சிறியது. சோற்றில் குழம்பு ஒரு சொட்டுப் பட்டாலும் தட்டையே தள்ளிவிடுவான். வீட்டில் இதை ஒருவாறு சமாளித்துக்கொள்கிறோம். பண்டிகை நாளில்தான் திண்டாட்டம்.

சென்ற தீபாவளியன்று மாமியார் வீட்டில் இருபது பேருக்குமேல் கூடியிருந்தோம். நான் சமையலறையில் இருந்த நேரத்தில், பெரிய நாத்தனார் அன்பு மிகுதியால் இட்லியின்மேல் ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றி, "அத்தைக்காக ஒரே ஒரு வாய்" என்று ஊட்டிவிட, அவன் புது ஜிப்பாவிலேயே வாந்தி எடுத்துவிட்டான். பிறகு ஆளுக்கொரு தீர்ப்பு: நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேனாம், இரண்டு வேளை பட்டினி போட்டால் வழிக்கு வருவானாம்.

இந்த ஆண்டு (2025) தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை என்பதால் சனிக்கிழமையிலிருந்தே வீடு வீடாகப் போக வேண்டியிருக்கும். போன வாரம் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் விளக்கு அலங்காரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, "அத்தை வீட்டுல கறி சாப்பிடணுமா?" என்று கேட்டான். அவனுக்குத் தனியாகச் சாப்பாடு கட்டி எடுத்துப் போகலாமா, அல்லது அது மாமியாரை அவமதித்ததாகிவிடுமா?

செங்காங் அப்பா:

சகோதரி, சிறுவயதில் நானும் உங்கள் மகனைப் போலத்தான் இருந்தேன். உறவினர் வீட்டு விசேஷமொன்றில் எல்லாரும் கை கழுவிய பிறகும், கத்தரிக்காயை முடித்தால்தான் எழுந்திருக்கலாம் என்று என்னைத் தனியாக உட்காரவைத்தார்கள். இலையில் குழம்பு காய்ந்து ஓரம் கட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது. கத்தரிக்காயை நான் விரும்பத் தொடங்கியது அதற்கு இருபது ஆண்டுகள் கழித்துத்தான்.

பழகாத உணவைக் கண்டு பின்வாங்குவது இரண்டிலிருந்து ஆறு வயது வரை மிகுதியாக இருக்கும் என்றும், ஒரு புது உணவை ஏற்க 8 முதல் 15 முறை வரைகூட அதைச் சந்திக்க வேண்டியிருக்கும் என்றும் உணவியலாளர்கள் சொல்கிறார்கள். தட்டில் பார்ப்பது, முகர்வது, விரலால் தொடுவது எல்லாமே அதற்கான பழக்கம்தான். அமெரிக்க உணவியல் நிபுணர் எல்லின் சாட்டர் வகுத்த பொறுப்புப் பகிர்வு எங்கள் வீட்டில் பெரிதும் கைகொடுத்தது: என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும், சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைப் பிள்ளைக்கு விட்டுவிட வேண்டும். "ஒரே ஒரு வாய்" என்பதுகூட இந்தக் கணக்கில் வற்புறுத்தல்தான்.

நாம் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. முதல் வீட்டில் ஒரு பாக்கெட் பானம், இரண்டாவது வீட்டில் இன்னொன்று, நடுவில் கைநிறைய பிஸ்கட் என்று போனால், மூன்றாவது வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வரும்போது பிள்ளைக்குப் பசியே இருக்காது. பழியை மட்டும் அவனுடைய பிடிவாதத்தின்மேல் போடுவோம். வீட்டிலேயே தோசை கொடுத்துக் கிளம்புங்கள். வழியில் தண்ணீர் போதும்.

தோ பாயோ பாட்டி:

மகளே, மாமியார் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை சொல்கிறேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்துவைத்து, பேரன் முகம் சுளிப்பதைப் பார்க்கும்போது, நம் கைப்பக்குவத்தில்தான் குறையோ என்று தோன்றும். அந்த வருத்தம்தான் சில நேரம் கோபமாக வெளிவருகிறது. ஆகவே பந்தியில் எல்லார் முன்னிலையிலும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காதீர்கள். அது கட்டாயம் மனத்தைப் புண்படுத்தும். ஒரு வாரம் முன்பே தொலைபேசியில் பேசி, "அத்தை, குழம்பு படாமல் நான்கு இட்லியும் கொஞ்சம் சர்க்கரையும் அவனுக்குத் தனியாக எடுத்துவைத்துவிடுங்கள், உங்கள் இட்லி என்றால் சாப்பிடுவான்" என்று உரிமையோடு கேளுங்கள். கேட்டுச் செய்வதில் எந்த மாமியாருக்கும் மனக்குறை வராது. நாத்தனாரைத் தடுக்கும் வேலையையும் அவரே பார்த்துக்கொள்வார். நீங்கள் தடுத்தால்தான் அது சண்டையாகும்.

வாழையிலையில் பரிமாறினால் ரசம் ஓடிப் போய் எல்லாவற்றிலும் கலக்கும். அவனுக்கு மட்டும் அறை பிரித்த தட்டு கொடுத்துவிடுங்கள். பட்டினி போடும் யோசனையை யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். எங்கள் காலத்திலும் அதைச் செய்தோம். பிள்ளைகள் மெலிந்ததுதான் மிச்சம்.

பொங்கோல் தாய்:

மேலே உள்ளவை நல்ல யோசனைகள்தான், ஆனால் வாந்தி என்று படித்ததும் எழுதத் தோன்றியது. என் மகளையும் "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று இரண்டு ஆண்டுகள் விட்டுவைத்தேன். முன்பு சாப்பிட்ட உணவுகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். மென்மையாக, ஈரமாக இருந்த எதைக் கண்டாலும் ஓங்கரித்தாள். சுகாதாரக் கையேட்டிலுள்ள வளர்ச்சி வரைபடத்தில் அவளுடைய எடைக்கோடு மெல்லக் கீழே இறங்கியது. பலதுறை மருந்தகத்தில் காட்டிய பிறகு சிறப்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஏ.ஆர்.எஃப்.ஐ.டி. எனப்படும் உணவு தவிர்க்கும் கோளாறு, 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாகவே சேர்க்கப்பட்டது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் மகனுக்கும் அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. கட்டாயப்படுத்தி ஊட்டினால் எந்தப் பிள்ளையும் வாந்தி எடுக்கக்கூடும். அவன் உண்மையில் எத்தனை வகை உணவு சாப்பிடுகிறான் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இருபதுக்குக் கீழே இருந்து, அதுவும் குறைந்துகொண்டே வந்தால், பண்டிகை முடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஈசூன் மருமகள், தீபாவளிக்குப் பிறகு:

அனைவருக்கும் நன்றி. எழுதிப் பார்த்ததில் 23 வகை வந்தது, எடையும் குறையவில்லை. அதனால் மனம் ஓரளவு அமைதியானது, ஆனாலும் அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரிடம் கேட்கப் போகிறேன்.

தோ பாயோ பாட்டி சொன்னபடியே மாமியாரிடம் முன்கூட்டியே பேசினேன். சற்று நேரம் எதுவும் சொல்லாமல் இருந்தவர், தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை முறுக்குப் பிழியும்போது அவனை அழைத்துவரச் சொன்னார். அடுப்பிலிருந்து தள்ளி, மேசையில் விரித்த துணியின்மேல் அவன் இரண்டு கையாலும் அச்சை அழுத்த, மாவு புழுப்போல நெளிந்து விழுந்தது. ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. பொரித்தெடுத்த பிறகு, தான் பிழிந்ததைக் கண்டுபிடித்து ஒரு துண்டை ஒடித்துத் தின்றான். பட்டியலில் 24.

தீபாவளியன்று நாத்தனார் கிண்ணத்தோடு வரத்தான் செய்தார். "அவனுக்கு வேற எடுத்து வெச்சிருக்கேன்" என்று மாமியார் சொன்னதும் அப்படியே திரும்பிப் போய்விட்டார். மகன் மூன்று இட்லி சாப்பிட்டான். அதன்பின் போன இரண்டு வீடுகளில் எதையும் தொடவில்லை, நானும் கேட்கவில்லை. என் தட்டிலிருந்த கறிக்குழம்பை மட்டும் குனிந்து முகர்ந்து பார்த்து, "காரமா வாசம் வருது" என்று சொல்லிவிட்டுத் தன் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டான்.