நியூயார்க் வாடகை வீடு: ஓனர் எப்படிப்பட்டவர் என்று எங்கே பார்ப்பது?

குயின்ஸ்_புதுவரவு:
வணக்கம். குயின்ஸ், எல்ம்ஹர்ஸ்ட் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். ஆறு மாடி, பழைய கட்டடம். லீஸில் ஓனர் என்று ஆள் பெயரே இல்லை. கதவு எண்ணையும் தெருப் பெயரையும் சேர்த்து ஒரு எல்எல்சி (தனியார் கம்பெனி). கூகுளில் தேடினால் ஒன்றும் வரவில்லை. புரோக்கர் "நல்ல மேனேஜ்மென்ட்" என்கிறார், அவர் வேறென்ன சொல்வார்! கைக்குழந்தை இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் எப்படி விசாரிப்பது?

மாடிவீட்டு_மாமா:
பெயரை விடுங்கள், முகவரியைத் தேடுங்கள். இங்கே கட்டடத்துக்கு ஒரு எல்எல்சி தொடங்குவது சகஜம். நகர வீட்டுவசதித் துறையின் 'ஹெச்பிடி ஆன்லைன்' தளத்தில் முகவரியைக் கொடுத்தால் புகார், வயலேஷன் (அதிகாரிகள் பதிவு செய்த விதிமீறல்) எல்லாம் வரும். இலவசம்தான். மூன்று வீடு அல்லது அதற்கு மேல் உள்ள கட்டடத்தை ஓனர் வருடாவருடம் பதிவு செய்தாக வேண்டும். அதில் 'ஹெட் ஆபீசர்' என்று நிஜ ஆளின் பெயர் இருக்கும். அவருடைய மற்ற கட்டடங்களை 'ஹூ ஓன்ஸ் வாட்' தளம் சேர்த்துக் காட்டும்.

குயின்ஸ்_புதுவரவு:
பார்த்தேன். 38 வயலேஷன் ஓப்பனாக இருக்கிறது! ஓடிவிடலாமா?

பாய்லர்_பாண்டி:
பொறுங்க. 60 வீட்டுக்கு 38 வேறு, 6 வீட்டுக்கு 38 வேறு. எண்ணிக்கையைவிட வகுப்பைப் பாருங்கள். ஏ என்றால் சில்லறை விஷயம், பி அபாயம், சி உடனடி அபாயம். ஹீட்டிங் இல்லை, வெந்நீர் இல்லை, சின்னக் குழந்தை உள்ள வீட்டில் ஈயப் பெயின்ட் உதிர்கிறது, இதெல்லாம் சி. இன்னொன்று: ஓனர் சரிசெய்துவிட்டு அதற்கான சான்றை அனுப்பாவிட்டால் அது ஓப்பனாகவே கிடக்கும். பத்துப் பதினைந்து வருடப் பழசைப் பார்த்து மிரள வேண்டாம். கடைசி இரண்டு மூன்று குளிர்காலம் எப்படி என்பதுதான் கேள்வி.

குயின்ஸ்_புதுவரவு:
48 வீடு. சி மட்டும் 9. அதில் ஐந்து 'ஹீட் இல்லை', எல்லாம் கடந்த இரண்டு குளிர்காலத்தின் ஜனவரி, பிப்ரவரி. ஒன்று ஈயப் பெயின்ட், நாங்கள் பார்த்த அதே மாடியில்.

பாய்லர்_பாண்டி:
பாய்லரை மாற்றாமல் ஒட்டுப்போட்டே ஓட்டுகிறார்கள் போல. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் உள்ளே 68 இருக்க வேண்டும். இரவில் எப்படியும் 62. இது சட்டம். ஈயம்தான் எனக்குப் பெரிய கவலை. 1960க்கு முன் கட்டியதென்றால், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டை ஓனர் வருடம் ஒருமுறை சோதிக்க வேண்டும். அந்த அறிக்கையைக் கேளுங்கள்; மழுப்பினால் அதுவே பதில்.

மாடிவீட்டு_மாமா:
அப்புறம் நகரத்தின் சொத்துப் பதிவுத் தளமான 'ஏக்ரிஸ்' பார்த்தீர்களா? நம்மூரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போல. பத்திரம், அடமானம் எல்லாம் கிடைக்கும் (ஸ்டேட்டன் ஐலண்ட் மட்டும் அதில் வராது). போன வருடம்தான் கை மாறியது என்றால் பழைய பாவத்தைப் புது ஓனர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

குயின்ஸ்_புதுவரவு:
2014லேயே வாங்கியிருக்கிறார்கள். ஈய அறிக்கை கேட்டேன், "சூப்பரிடம் கேட்டுச் சொல்கிறோம்" (சூப்பர் என்றால் கட்டடப் பராமரிப்பாளர்) என்றார்கள், சத்தமே இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். புரோக்கர் இன்று உட்சைடில் வேறொரு வீடு அனுப்பினார். முகவரியைப் போட்டுப் பார்த்தால் எல்எல்சி வேறு, ஹெட் ஆபீசர் அதே ஆள்.