காது மரத்துப்போன ராத்திரி

திருப்பூர் கட்டிங் மாஸ்டர்:

போன ஐப்பசியில் எனக்குக் கழுத்தில் ஆபரேஷன். 26 வருஷம் கட்டிங் மேஜையில் குனிந்தே நின்றதில் சி5–சி6 ஜவ்வு, அதாவது கழுத்தெலும்பில் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் இருப்பது, பிதுங்கி நரம்பை அழுத்திவிட்டது. வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்து, கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவ ஆரம்பித்த பிறகுதான் ஸ்கேனுக்கே போனேன். முன்கழுத்து வழியாகப் போய் ஜவ்வை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சின்னக் கூண்டு ஒன்றை வைத்துத் தகடும் திருகும் போட்டார்கள். அதைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது 'பிளாக்' என்று போடுகிறார்களே, அந்த மரப்பு ஊசியைப் பற்றி.

முந்தின நாள் சாயங்காலம் மயக்க மருந்து டாக்டரம்மா வந்து, தூங்க வைத்த பிறகு கழுத்தில் பிளாக் போடப்போவதாகச் சொன்னார். என் மனைவிக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏற்கெனவே கை மரத்துக் கெடக்குது, இன்னும் மரக்க வெக்கணுமாங்க மேடம்?" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே என் தலையைத் திருப்பிக் காட்டினார். தலையைத் திருப்பும்போது காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை பட்டையாகப் புடைக்கிற தசை இருக்கிறதல்லவா, அதன் பின்விளிம்பில் நடுவாக்கில் சி2 முதல் சி4 வரையான மேல்கழுத்து நரம்புகளின் கிளைகள் தோலுக்கு வருகின்றன. மருந்து போவது அங்கே, அதுவும் மேலாக. கைக்குப் போகும் நரம்புகள் அதற்குக் கீழே கிளம்புபவை. அவற்றைத் தொடமாட்டார்கள், ஏனென்றால் கண் விழித்ததும் கை கால் அசைகிறதா என்று சர்ஜன் பார்த்தாக வேண்டும்.

விழித்ததும் முதலில் கேட்டது "விரலை இறுக்கிப் பிடிங்க" என்பதுதான். பிடித்தேன். வெட்டிய இடத்தில் வலி இல்லை. காதுமடலைத் தொட்டால் யார் காதையோ தொடுவது போல இருந்தது. தொண்டை மட்டும் எரிந்தது. மூச்சுக்குக் குழாய் போட்டதும், உணவுக்குழாயை ஓரமாக இழுத்துப் பிடித்ததும் காரணமாம். அது உள்ளே இருக்கும் சமாசாரம், தோலை மரக்க வைக்கிற ஊசிக்கு எட்டாது. இரண்டு நாள் கரைத்த கஞ்சிதான்.

ராத்திரி ஒன்பது மணிக்கு நர்ஸ் வலி மருந்து கொண்டுவந்தார். வலிக்கவே இல்லையே, வீணாக எதற்கு என்று வேண்டாம் என்றேன். இந்தப் பதிவை எழுதுவதே இந்த முட்டாள்தனத்துக்காகத்தான். விடிகாலை மூன்று மணிக்கு ஊசி மருந்தின் வேலை முடிந்தது. எச்சில் விழுங்கினால் கண்ணில் தண்ணீர். மருந்து ஏற்றி அடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. "அண்ணா, இது வலிச்சா கேக்கற மருந்து இல்ல. மரப்பு விடறதுக்கு முன்னாடியே உள்ள போயிருக்கணும்" என்றார் அந்த நர்ஸ். ஒன்பது மணிக்கே இப்படிச் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

மதுரை மகள்:

அண்ணா, என் அப்பாவுக்குப் பின்கழுத்து வழியாகச் செய்தார்கள். அவருக்கு வலியே பெரிதாக இல்லை. சட்டைப் பொத்தான் போட வராது, செருப்பு காலை விட்டுக் கழன்றது தெரியாமலே நடப்பார். தண்டுவடமே நசுங்கியிருந்தது.

பின்பக்கம் என்றால் தசையை எலும்பிலிருந்து விலக்கித்தான் உள்ளே போக வேண்டும், அதனால் முன்பக்கத்தை விட வலி அதிகம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் கூடுதல். சாதாரண வலி ஊசிகளில் பாதி ஆகாது. மார்பின் வகை மருந்து அதிகமானால் இந்த வயதில் ராத்திரி புத்தி தடுமாறும் என்றார்கள். அதனால் ஸ்கேன் கருவியில் பார்த்துக்கொண்டே முதுகெலும்புக்கு இருபுறமும், நிமிர்த்தும் தசைக்கு அடியில் மருந்து விட்டார்கள். 2016-ல்தான் இந்த முறையை முதலில் எழுதினார்களாம், அதுவும் நெஞ்சுப் பக்க நரம்பு வலிக்கு. மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டார். ஆனால் பொத்தான் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். மூன்று மாதம் கழித்து மேலே இரண்டு பொத்தான் போடுகிறார், மிச்சத்தை அம்மா போடுகிறார்.

தியேட்டர் டெக்னீஷியன்:

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். மாஸ்டருக்குப் போட்ட கழுத்து பிளாக்கை இரண்டு பக்கமும் ஆழமாகப் போட்டால், மூச்சு விட உதவும் உதரவிதானத்தை அசைக்கும் நரம்பு இரண்டு பக்கமும் மரத்து மூச்சு திணறலாம். அதனால்தான் மேலாகப் போடுகிறார்கள். கண் இமை கொஞ்சம் தொங்குவதும் குரல் கம்முவதும் சிலருக்கு ஊசியால் வரும், மருந்து தீர்ந்ததும் சரியாகும். குரல் ஆபரேஷனாலும் கம்மும், அதற்கு நாள் பிடிக்கலாம்.

அப்புறம், முன்கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்து வீங்கி மூச்சு முட்டினால், "மரப்புதான்" என்று நீங்களே முடிவு பண்ணாதீர்கள். உள்ளே ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை அழுத்தலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மணி அடிக்க வெட்கப்படும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இடுப்பெலும்பு கொடுத்தவன்:

எனக்கு 2009-ல் நடந்தது. பிளாக் எல்லாம் கிடையாது, வெட்டிய இடத்திலேயே மரப்பு மருந்தைச் செலுத்தித் தைத்துவிட்டார்கள். கழுத்து பரவாயில்லை. ஜவ்வு இருந்த இடத்தில் வைக்க இடுப்பிலிருந்து எலும்பு எடுத்தார்களே, அங்கேதான் உயிர் போனது. ஒரு மாதம் நொண்டினேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "ஆபரேஷன் கழுத்திலா காலிலா?" என்றார்கள்.

திருப்பூர் கட்டிங் மாஸ்டர்:

தங்கச்சி கேட்காவிட்டாலும் சொல்கிறேன், காதுமடல் மறுநாள் காலையிலேயே திரும்பிவிட்டது. கட்டைவிரல் நுனி இன்னும் முழுசாக வரவில்லை. நரம்பு ஆற மாதக்கணக்காகும் என்கிறார் பிசியோ. எட்டு வாரம் கழித்து வேலைக்குப் போனேன். மேஜைக் காலுக்கு அடியில் கட்டை கொடுத்து ஒரு சாண் உயர்த்தியிருக்கிறேன். பையன்கள் எட்டவில்லை என்று முனகுகிறார்கள்.