"அன்ரியல் பாஸ்ட்": தமிழில் எப்படிச் சொல்வது?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். நான்காம் படிவ மாணவர்களுக்கு ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் விளக்கிப் பயிற்றி (பயிற்சி நூல்) எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். "இஃப்" வருவதை நிபந்தனை வாக்கியம் என்று எழுதிவிட்டேன். அடுத்த பக்கத்தில்தான் சிக்கல்.

"ஐட் ராதர் யூ வெண்ட் டுமாரோ" (நீ நாளைக்குப் போனால் நல்லது) என்று வெண்பலகையில் எழுதினேன். பின்வரிசைப் பையன் கேட்டான்: "டுமாரோன்னு போட்டுட்டு ஏன் டீச்சர் வெண்ட்?" நல்ல கேள்வி. "இஃப் ஐ வேர் யூ", "ஐ விஷ் ஐ நியூ" எல்லாம் இதே வகை. வடிவம் இறந்தகாலம், பேசுவதோ இன்றைக்கோ நாளைக்கோ உரியது. இல்லாததை, விரும்புவதைக் காட்டவே அந்த வடிவம். ஆங்கிலத்தில் அதற்கு "அன்ரியல் பாஸ்ட்" என்று பெயர். தமிழில் "போலி இறந்தகாலம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, "போலி" வேண்டாம். அது அறம்–அறன் என்று எழுத்து மாறி வருவதற்கு உரிய பெயர். புதுச்சொல்லே தேவையில்லை. "விரைவினும் மிகவினும் தெளிவினும் இயல்பினும்" காலம் பிறழலாம் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் வாசலில் நிற்பவனிடம் "இதோ வந்துவிட்டேன்" என்கிறானே, அது கால வழுவமைதி. இதையும் அப்படியே சொல்லுங்கள்.

"நிபந்தனை"யும் வடசொல். அதற்கு "செயின் எச்சம்" இருக்கிறது: செய்தால் என்ற பொருளில் செயின், வரின் என்று வரும் வினையெச்சம். "விஷ்" என்பதற்கு வியங்கோள். வியம் என்றால் ஏவல். வியத்தைக் கொள்வது வியங்கோள். வாழ்த்தலும் வைதலும் வேண்டலும் அதற்குள் அடங்கும். "இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்." வேண்டின், கெடுக: நிபந்தனையும் வியங்கோளும் ஒரே குறளில்!

செந்தூலிலிருந்து, செவ்வாய் இரவு

ஐயா, குறள் அருமை. ஆனால் "கெடுக" நேரே இடும் சாபம். "ஐ விஷ் ஐ நியூ" தெரியாமல் போன ஏக்கம். "தெரிந்திருந்தால் நன்றாயிருக்குமே" என்பது. அது வியங்கோளில் அடங்காது. "வழு" என்ற சொல் காதில் விழுந்தாலே பிள்ளைகள் அந்த வாக்கியத்தைத் தப்பென்று அடித்துவிடுவார்கள்.

அக்கா, அந்தப் பையனுக்கு விடை தமிழிலேயே இருக்கிறது. "நாளைக்கு மழை பெய்தால்" என்கிறோம். பெய்த் + ஆல். பெய்தான், பெய்தது என்பவற்றில் வரும் அதே இறந்தகால அடி. வந்தால், போனால், கேட்டால் எல்லாமே அப்படித்தான். நாளைய மழையை இறந்தகால அடியில் சொல்லிவிட்டு, "வெண்ட்" என்பதைப் பார்த்து ஏன் திகைக்க வேண்டும்? மலாயில் "இஃப்" என்பதற்கு உரிய "கலாவ்" முன்னால் நின்றால் போதும், காலத்துக்காக வினை உருமாறாது. அதனால் மலாயை வைத்து விளக்காமல் தமிழை வைத்தே விளக்குங்கள். பெயருக்கு "நிகழா இறந்தகாலம்" எப்படி?

பட்டர்வொர்த்திலிருந்து, புதன்

தம்பி, பெய்தால் விளக்கம் முதல் பக்கத்திலேயே வர வேண்டியது. பெயர்தான் உதைக்கிறது. "நிகழா" என்றால் நிகழ்காலம் அல்லாதது என்று படிப்பார்கள். புதிதாகவே வேண்டுமென்றால் "புனை இறந்தகாலம்". புனைதல் இல்லாததை ஆக்குதல், அழகுபடுத்துதல், தொடுத்தல், பூப்புனைதலும் அதுவே. அச்சில் றன்னகரத்தை (ன) கவனியுங்கள். "புணை" என்றால் தெப்பம்.

செந்தூலிலிருந்து, புதன் இரவு

புனைவு என்றால் கதை என்றே இன்றைய பிள்ளைகளுக்குப் படும். கதை இறந்தகாலமா? எனக்கு உடன்பாடில்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து, வியாழன் இரவு

மகிழுந்தும் பேரங்காடியும் எங்கள் பிள்ளைகளின் கட்டுரையில் பழகிவிட்டன. "புனை"யும் பழகும் என்று நம்புகிறேன். இன்று வகுப்பில் "பெய்த் + ஆல்" என்று பிரித்து எழுதினேன். அதே பையன் "அப்ப நாமளும் வெண்ட்தான் சொல்றோமா?" என்றான். பயிற்றியில் அவன் கேள்வியையே தலைப்பாக வைத்துவிட்டேன். பெயர் "புனை இறந்தகாலம்". பக்கத்தில் "அன்ரியல் பாஸ்ட்" என்றும் போட்டிருக்கிறேன். நிபந்தனை அப்படியே இருக்கட்டும் ஐயா, இந்தப் பதிப்புக்கு மட்டும்.

பட்டர்வொர்த்திலிருந்து, வெள்ளி காலை

அச்சாகட்டும். அடிக்குறிப்பிலாவது "செயின் எச்சம்" என்று ஒரு வரி சேர்க்க இடமிருக்கிறதா அம்மா?