ஒரே கீபோர்டு மவுஸ்ல ரெண்டு கம்ப்யூட்டர் ஓட்டறது எப்படி?

கேள்வி: டேபிள்ல விண்டோஸ் பிசி, பக்கத்துலயே உபுண்டு (லினக்ஸ்) லேப்டாப், மாத்தி மாத்தி கை வச்சு தோள்பட்டையே வலிக்குது. இலவசமா ஏதாச்சும் சாஃப்ட்வேர் இருக்கா?

பதில் 1: ரெண்டும் விண்டோஸ்னா மைக்ரோசாஃப்ட்டோட இலவச டூல் தொகுப்பான பவர்டாய்ஸ்ல இருக்கற மவுஸ் வித்தவுட் பார்டர்ஸே போதும், 4 மெஷின் வரைக்கும் தாங்கும். உங்களுக்கு விண்டோஸ், லினக்ஸ் ரெண்டுலயும் ஓடற டெஸ்க்ஃப்ளோங்கற இலவச சாஃப்ட்வேர் தான் சரி, ரெண்டுலயும் போட்டு, கீபோர்டு மாட்டியிருக்கற பிசிய சர்வரா (கீபோர்டு மவுஸ பகிர்ற பக்கம்) வச்சுட்டு லேப்டாப்ப கிளையண்டா (அத வாங்கிக்கற பக்கம்) வைங்க, ரெண்டும் ஒரே நெட்வொர்க்ல இருக்கணும், எந்த ஸ்கிரீன் எந்தப் பக்கம்னு காட்டிட்டா மவுஸ் ஓரத்துக்குப் போனதும் அங்க தாவிடும், காப்பி பேஸ்ட்டும் பண்ணலாம்.

கேட்டவர்: போட்டேங்க, கனெக்டே ஆகல.

பதில் 2: பிசி ஃபயர்வால்ல (வெளி கனெக்‌ஷன தடுக்கற பாதுகாப்பு) டெஸ்க்ஃப்ளோ பயன்படுத்தற 24800 போர்ட்ட, அதாவது அந்த நெட்வொர்க் வழிய, திறந்து விடுங்க. கனெக்ட் ஆகியும் மவுஸ் நகரலன்னா உபுண்டு லாகின் ஸ்கிரீன்ல வேலண்டுக்கு பதிலா எக்ஸ்ஆர்க் (ரெண்டும் ஸ்கிரீன், மவுஸ கையாளற முறைகள்) இருந்தா அத எடுத்துப் பாருங்க.

கேட்டவர்: போர்ட்டு தாங்க பிரச்சன! இப்ப சூப்பரா போகுது, ரொம்ப நன்றி.