‘சினாரியோ’வுக்கு என்ன சொல் வைப்பது?

கோபியிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கணினிப் போர் விளையாட்டுகளை அமைக்கும் எடிட்டரின் மெனுவைத் தமிழாக்கியதில் ‘சினாரியோ’ ஒன்றுதான் பாக்கி, அதாவது ஒரு மேப்பில் எந்தப் படை எங்கே, எப்போது தொடங்கும், எது வெற்றி என்று வகுத்துவைக்கும் ஆட்டம். காட்சி, போர்க்களம், களநிலை என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. எனக்குப் ‘போர்க்களம்’ போதுமென்று தோன்றுகிறது, விளக்காமலே புரியும். அண்ணா, உங்கள் கருத்தைச் சொல்லுங்க.

பவானியிலிருந்து:

தம்பி, புரியும்தான், ஆனால் வேறு பொருளில் புரியும். நாம் செய்துகொண்டிருக்கும் 1790 சத்தியமங்கலத்தையே பாருங்கள், திப்பு சுல்தானின் மைசூர்ப் படைக்கும் ஆங்கிலேயக் கம்பெனிப் படைக்கும் நடந்த போர். செப்டம்பர் 13 காலையில் தொடங்குவது ஒன்று: திப்புவின் படையில் ஒரு பகுதி பவானி ஆற்றைக் கடந்து தென்கரை வழியே வருகிறது, இன்னொரு பகுதி வடகரையிலிருந்து பீரங்கியால் அடிக்கிறது. கம்பெனிப் படையின் கர்னல் ஃபிளாய்ட் பொழுது சாயும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். 14ஆம் தேதி தொடங்குவது இன்னொன்று: ஃபிளாய்ட் பின்வாங்கி, கோவைப் பக்கமிருந்து வரும் ஜெனரல் மெடோஸின் படையோடு சேர வேண்டும். இரண்டுக்கும் மேப் ஒன்று, ஆறு ஒன்று, படைகளும் ஏறக்குறைய அவையே. தொடங்கும் நேரமும் முறைகளின் எண்ணிக்கையும் (இரு பக்கமும் ஒரு தடவை நகர்த்துவது ஒரு முறை) எது வெற்றி என்பதும்தான் வேறு. மேப்பையே போர்க்களம் என்கிறோம். அப்புறம் இவை இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?

‘காட்சி’ ஏற்கெனவே மெனுவில் திரையைப் பெரிதாக்கும், சிறிதாக்கும் இடத்துக்குப் போய்விட்டது. ‘களநிலை’ நல்ல சொல். ஆனால் பாதியில் சேமித்துவைத்த ஆட்டமும் ஒரு களநிலைதான். அதற்கே அதை விட்டுவிடலாம். ‘களவமைவு’ என்று நானே ஒன்று எழுதிப் பார்த்தேன், படிக்கிறவர் கண்ணில் முதலில் ‘களவு’தான் படும்.

‘களக்கோலம்’ என்று வைக்கலாம். வாசல் ஒன்றுதான், கோலம் தினமும் வேறு. அதுபோல மேப் ஒன்று, அதன்மேல் யாரோ புள்ளிவைத்துப் போட்ட களக்கோலம் பல. அது தானாக அமைந்ததல்ல, ஒருவர் போட்டது என்பதும் சொல்லிலேயே இருக்கிறது.

ஈரோட்டிலிருந்து:

கோலம் என்றால் அலங்காரம் என்றுதானே நினைப்பார்கள்? அதோடு, களக்கோலத்தை ஆடிப் பார்த்துச் சரிசெய்வதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘சோதனை’ என்றால் வைரஸ் சோதனை மாதிரி இருக்கிறது.

பவானியிலிருந்து:

போர்க்கோலம், மணக்கோலம் என்கிறோம். அங்கே கோலம் என்பது ஒன்றுக்கு ஆயத்தமாகி நிற்கும் தோற்றம். முதல் முறை தொடங்குவதற்கு முன் படைகள் நிற்பதும் அப்படித்தான்.

ஆடிப் பார்ப்பதற்குப் புதிதாக எதுவும் வேண்டாம், ‘வெள்ளோட்டம்’ இருக்கிறது. புதுத் தேரைத் திருவிழாவுக்கு முன்பே இழுத்துப் பார்ப்பது எதற்கு? எந்த முக்கில் திரும்பாது, எந்தச் சக்கரம் இறுகும் என்று தெரிந்துகொள்ளத்தான். நம் வேலையும் அதுவே.

சத்தியமங்கலத்தின் முதல் வெள்ளோட்டத்தில் பிடிபட்டவற்றையும் எழுதிவிடுகிறேன். உயரத் தரவை இன்றைய செயற்கைக்கோளிலிருந்து எடுத்ததால் பவானிசாகர் நீர்த்தேக்கம் மேப்பில் வந்துவிட்டது. அந்த அணை 1955இல் முடிந்தது. மாயாறு பவானியில் கலக்கும் இடத்தில் இன்று தண்ணீர் நிற்பதால், அடியில் கிடக்கும் நிலத்தின் ஏற்ற இறக்கம் தரவிலேயே இல்லை. நீர்மட்டம்தான் தட்டையாகப் பதிவாகியிருக்கிறது. பழைய நில அளவை மேப்பைப் பார்த்துக் கையால் திருத்த வேண்டும். அதைவிடக் கெடுதல் அந்த அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால். ஆற்றுக்குத் தெற்கே கூடவே ஓடுவதால், ஃபிளாய்ட் பின்வாங்கும் வழியில் இல்லாத தடை ஒன்று முளைத்துவிடுகிறது. கட்டத்துக்குக் கட்டம் அழித்தாக வேண்டும். கொடிவேரி அணையும் அதன் வாய்க்கால்களும் பழையவை, அவற்றில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது பீரங்கி. கட்டம் 500 மீட்டர், ஒரு முறை 1 மணி நேரம் என்று வைத்திருக்கிறோம். மாடு இழுக்கும் பீரங்கி மணிக்கு 3 கிலோமீட்டர் போனால் முறைக்கு 6 கட்டம். எடிட்டரில் இருந்த குதிரைப் பீரங்கியை நகலெடுத்ததால் 10 கட்டம் என்றே நின்றுவிட்டது, ஃபிளாய்ட் சிரமமில்லாமல் தப்பிவிடுகிறார். உண்மையில் இழுக்க மாடில்லாமல்தான் சில பீரங்கிகளை அவர் விட்டுவிட்டுப் போக நேர்ந்தது. ஆகவே மாடுகளைத் தனி அலகாக வையுங்கள். குண்டடியில் மாடு போனால் பீரங்கி அங்கேயே நிற்க வேண்டும்.

வெற்றிப்புள்ளியைச் சத்தியமங்கலம் கோட்டைக்கு மட்டும் கொடுத்ததும் பிழை. கணினி ஆடும் மைசூர்ப் படை முழுவதும் கோட்டையைச் சுற்றிக் குவிகிறது, துரத்த ஆளில்லை. மேப்பின் தெற்கு விளிம்பு வழியே வெளியேறும் ஃபிளாய்டின் ஒவ்வொரு பட்டாளத்துக்கும் புள்ளி கொடுங்கள், கணினிக்கும் அந்தச் சாலையில் ஓர் இலக்கு வையுங்கள்.

வெள்ளோட்டம் மூன்று படியாக நடக்கட்டும். முதலில் கணினியும் கணினியும் ஆடட்டும். துணைப்படை குறித்த முறையில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு ஒருவரே இரண்டு பக்கமும் ஆட வேண்டும். கடைசியாக, இந்தப் போரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருவர் ஆடி, பக்கம் மாற்றி மறுபடி ஆட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே ஓர் எண்ணைத்தான் மாற்றலாம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒரு பக்கமே ஜெயித்துக்கொண்டிருந்தால் ஆளைக் கூட்டிக் குறைக்காதீர்கள், அது வரலாற்றைத் திருத்துவதாகிவிடும். முறைகளின் எண்ணிக்கையிலும் புள்ளியிலும் கை வையுங்கள்.

கோபியிலிருந்து:

சரிங்கண்ணா. ‘புதிய களக்கோலம்’, ‘களக்கோலத்தைத் திற’, ‘வெள்ளோட்டம் விடு’ மூன்றையும் போட்டுப் பார்த்தேன். முதலும் மூன்றாவதும் பொத்தானில் அடங்குகின்றன. நடுவில் உள்ளது வெட்டுப்படுகிறது, அங்கே ‘திற’ மட்டும் வைக்கிறேன்.